கொஞ்சம் லேக் ப்ரோ

மைக்கை நீட்டிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அண்ணா, படம் எப்படிண்ணா இருக்கு?" என்றான். "நல்லாருக்கு ப்ரோ. கார்த்தி, அரவிந்த்சாமி ரெண்டு பேரும் பின்னிட்டாங்க. செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் லேக்" என்றேன். மொத்தம் ஏழெட்டு நொடி இருக்கும். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கிங் பக்கம் நடையைக் கட்டினேன்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நான் மெடிக்கல் ரெப். அன்று 2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, மெய்யழகன் வெளியான நாள். என் டூர் புரோகிராம்படி அந்த நேரத்தில் நான் திருச்சி தில்லைநகரில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் ஸ்டாக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மதியத்தில் டாக்டர்கள் எங்களைப் பார்ப்பது குறைவு. அந்த இடைவெளியில் தமிழ் சினிமாவின் பகல் காட்சிகளுக்கு எங்கள் தொழில் ஆற்றியிருக்கும் தொண்டை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. மைக்குக்குப் பின்னால் கேமரா இருந்தது. அந்த வீடியோ மேனேஜர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்கிற பதற்றத்தில் வாயில் எது முதலில் வந்ததோ அதைச் சொன்னேன். வந்தது "லேக்".

உள்ளே நடந்தது வேறு. கல்யாண மேடையில் அந்தத் தங்கச்சி, பல வருடம் கழித்து வந்த அண்ணன் அரவிந்த்சாமி கொண்டுவந்த பரிசை அங்கேயே பிரித்தே தீருவேன் என்று அடம்பிடித்து, கொலுசை அவர் கையாலேயே போட்டுவிடச் சொல்கிறாளே, அந்த இடத்தில் நான் அழுதேன். பக்கத்து சீட்டுகள் காலியாக இருந்ததால் கொஞ்சம் தாராளமாகவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ஆள்தான் மைக்கைப் பார்த்ததும் சர்வீஸ் சென்டர் மெக்கானிக் மாதிரி "கொஞ்சம் லேக்" என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த வாரம் பிறந்ததுமே செய்தி வந்தது. படத்தில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவாக ஓடிய படம் இரண்டே முக்கால் மணிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு ரெப் திருச்சியில் சொன்னதற்காக யாரும் கத்தரியை எடுக்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று இரவு தூங்கப் போகும்போது என்னவோ போல இருந்தது. என்னைப்போல எத்தனை பேர் எத்தனை மைக்கில் அதே சொல்லைச் சொன்னார்களோ! அத்தனை பேரும் சேர்ந்துதானே வெட்டியிருக்கிறோம்.

அந்த ஆண்டு திரைக்கு வந்த பிறகு நறுக்கப்பட்டது இந்த ஒரு படம் மட்டுமல்ல. ஜூலையில் இந்தியன் 2-இல் ஏறக்குறைய 12 நிமிடம் போனது, நவம்பரில் கங்குவாவிலும் அதே அளவு. அந்த இரண்டையும் பற்றி எனக்கு வருத்தமில்லை, இன்னும்கூட வெட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. மெய்யழகன்தான் உறுத்துகிறது.

அப்புறம் நான் அந்தச் சொல்லையே கவனிக்க ஆரம்பித்தேன். அப்பா காலத்தில் படம் போரடித்தால் "அறுவை" என்பார்கள். நாங்கள் கல்லூரியில் "பிளேடு" என்றோம், பிறகு "மொக்கை" வந்தது. "ஜவ்வு மாதிரி இழுக்கிறான்" எல்லாக் காலத்துக்கும் பொது. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு உடம்பு இருக்கிறது. அறுக்கப்படுகிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு வலிக்கிறது, கத்துகிறான். லேக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த சொல். கேம் ஆடும்போது நெட் திணறினால் சொல்வது. "அறுவை" என்றால் எனக்கு வலிக்கிறது என்று பொருள், "லேக்" என்றால் உன் மெஷின் சரியில்லை என்று பொருள். மெஷினைத்தானே சரி செய்வார்கள்? செய்தார்கள்.

(படம் நீளம் என்று அரசாங்கமே கத்தரியை எடுத்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிலிம் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு உத்தரவு போட்டது. நிமிடத்துக்கு 90 அடி என்று வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாட்டுகளை வரிசையாக அடுக்கிப் பழகியிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.)

இரண்டாவது வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு அதே படத்துக்கு மறுபடி போனேன். முதல்முறை பார்த்ததைச் சொல்லவில்லை. வீட்டுக்கும் மேனேஜருக்கும் ஒரே பதில் வைத்திருப்பதுதான் எனக்கு வசதி. இந்த முறை ஜல்லிக்கட்டுப் பகுதி சுருங்கியிருந்தது, பின்னிரவில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிற இடத்தில் கார்த்தி பேசுவதிலும் ஒரு பங்கு இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், குறைத்த படம்தான் எனக்கு நீளமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பார்ப்பதும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன் வரிசையில் ஒருவர் படம் முழுக்க போனில் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தார், அந்த வெளிச்சமும் ஒரு காரணம். ஆனால் விடியற்காலையில் அரவிந்த்சாமி சொல்லிக்கொள்ளாமல் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி ஓடுகிறாரே, அந்த இடத்தில் மனைவி என் காதுக்குள் கேட்டாள்: "ஏங்க, இவரு ஏன் இப்படி ஓடுறாரு? பேரு தெரியலன்னா கேட்டுட்டுப் போகவேண்டியதுதானே?"

முதல்முறை பார்த்தபோது அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அந்த இரவு அவ்வளவு நீண்டிருந்தது. தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிளால் ஒரு குடும்பமே தலையெடுத்த கதையை, தன்னைத் தெய்வம் மாதிரி வைத்திருக்கிற ஒருத்தன் வாயால், அவன் பேர்கூடத் தெரியாமல் விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் கூசிப்போய் ஓடத்தான் செய்வான். அந்தக் கூச்சம் சேர்வதற்கு நேரம் வேண்டும். நான் மைக்கில் லேக் என்று சொன்னது அந்த நேரத்தைத்தான்.

அப்பா படத்தை வீட்டில்தான் பார்த்தார், அக்டோபர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். கதை நடப்பது நீடாமங்கலம் என்று தெரிந்ததுமே நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன், "செகண்ட் ஹாஃப் லேக்கா இருந்துச்சாப்பா?"

"அப்படின்னா?"

"மெதுவா போற மாதிரி..."

"டேய், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னிருக்கியா நீ? அதுக்குப் பேருதான்டா லேக்."

எனக்கு அந்த கேட் நன்றாகத் தெரியும். தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர் என்று மாதம் இரண்டு முறை எனக்கு அந்தப் பக்கம் டூர். சென்னையிலிருந்து மன்னார்குடி போகிற ரயில் நீடாமங்கலத்தில் திசை மாறவேண்டும், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய் மாட்டுவார்கள், அதுவரை கேட் மூடியே இருக்கும். நாகப்பட்டினம் சாலையில் இரண்டு பக்கமும் பஸ், லாரி, டிராக்டர், கல்யாண வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். அப்பா சொன்னார், அவர் வாலிபத்தில் சொந்தக்காரர்கள் சமாச்சாரம் பாதி அந்த கேட்டில்தான் தெரியுமாம். இந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸிலிருந்து அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸை எட்டிப்பார்த்தால் யாராவது மாமனோ மச்சானோ ஜன்னலோரம் இருப்பார்கள், இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வரலாம். அவருடைய அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அங்கேதான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது அம்மா சமையலறையிலிருந்து ஒருமுறை எட்டிப்பார்த்தாள். அதற்குள் நான் போக விரும்பவில்லை.

அம்மாவுக்கு வருகிறேன். லேக் பற்றி எனக்கு உருப்படியாக ஏதாவது புரிந்திருந்தால் அது அம்மாவால்தான்.

அம்மா சீரியல்காரி. மெட்டி ஒலியும் கோலங்களும் பார்த்த தலைமுறை. 2022 பிப்ரவரியிலிருந்து எதிர்நீச்சல். இரண்டு வருடத்துக்கு மேல், எழுநூறு பாகங்களையும் தாண்டிப் போனது அது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்தபோது அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அந்த மனிதரைத் தினமும் ஒன்பதரை மணிக்குத் திட்டித் தீர்த்தவள் அவள். "நல்லா இருப்பானா இவன்" என்று திட்டிய வாயால் "நல்ல மனுசன், போயிட்டான்" என்றாள். அதற்கப்புறம் வேல ராமமூர்த்தி வந்தார். "அவரும் நல்லாத்தான் பண்றாரு, ஆனா இவருக்குக் கோவம் வருது. அவருக்கு அது கோவமே இல்ல, பேச்சே அதான்" என்றாள். நடிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒன்றை அந்த வருடம் நான் எங்கேயும் கேட்கவில்லை.

ஒரு நாள் கேலியாகக் கேட்டேன், "ஏம்மா, ஒரு காபி டம்ளரைக் கீழ வைக்கிறதுக்கு மூணு நாள் ஆவுது, உனக்கு லேக்கா இல்லையா?" அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் "நான் எங்கடா அதைப் பாக்குறேன்?" என்றாள்.

உண்மைதான். அவள் அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு சுகர் மாத்திரை, பேத்திக்குப் பால், காலைக்கு ஊறப்போட்ட உளுந்து என்று நடமாட்டத்திலேயே இருப்பாள். சீரியல் அவளுக்குக் காதில் ஓடுகிறது. அன்றிலிருந்து நானும் அடுப்படியில் நின்று சீரியலைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது. "என்னத்தை, இந்த நேரத்துல வந்து கதவைத் தட்டுறீங்க?" என்று ஒரு மருமகள் கேட்கிறாள் என்றால், வந்திருப்பது மாமியார், நேரம் அகாலம், தட்டப்பட்டது கதவு என்கிற மூன்றும் அடுப்படியில் இருக்கிறவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரே முகத்தை மூன்று முறை டும் டும் டும் என்று காட்டுகிறார்களே, நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோமே, அந்த டும் அம்மாவுக்கான அழைப்பு. "கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்" என்று அர்த்தம். அவள் கை துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சேர மூன்று டும் ஆகும். சரியாக அளந்துதான் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிற நமக்குத்தான் அது லேக். உட்காரவே முடியாதவர்களுக்காகச் செய்ததை உட்கார்ந்து பார்த்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்றால் என்ன செய்வது?

இத்தனை சீரியல் பார்க்கிற அம்மா மெய்யழகனைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். அதற்கு மட்டும் உட்கார்ந்தாள். உளுந்தை அன்று நான் ஊறப்போட்டேன்.

எங்கள் தொழிலில் சினிமா பற்றிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. டாக்டர் அறைக்கு வெளியே, நோயாளிகளுக்குப் போட்டது போக மிச்சமுள்ள பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து கம்பெனி ரெப்கள் உட்கார்ந்திருப்போம். ஒரு மணி நேரம், சமயத்தில் இரண்டு மணி நேரம். யாருக்குப் படம் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் நாங்கள். படம் லேக் என்று சொல்வதிலும் நாங்கள்தான் முதல் ஆள். பெஞ்சில் ஒருவர் எல்லாப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவர். மெய்யழகனையும் அப்படியே பார்த்தாராம். "கார்த்தி அரவிந்த்சாமியக் கூப்பிடுறது அத்தான் அத்தான்னு தந்தி அடிக்கிற மாதிரி இருந்துச்சு சார், ஆனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன்" என்றார். முடித்துவிட்டேன் என்கிற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. டி.சி.ஆர். (அன்றாடம் யாரைப் பார்த்தோம் என்று கம்பெனிக்கு எழுதும் ரிப்போர்ட்) எழுதி முடித்தது மாதிரி சொல்கிறார்.

அதே பெஞ்சில் லப்பர் பந்து என்கிற கிரிக்கெட் படத்தை யாரும் லேக் என்று சொல்லவில்லை. அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு நெருக்கமான படம்தான். எங்களில் ஒருவர் பெரம்பலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஆடுகிறவர், அவர் கதை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பீல்டிங் நிறுத்தியிருந்த இடமெல்லாம் சரியாக இருந்தது என்று பத்து நிமிடம் விளக்கினார். விஜயகாந்தின் பழைய பாட்டு "நீ பொட்டு வச்ச தங்கக்குடம்" ஒலித்தபோது தியேட்டரில் எழுந்த சத்தத்தைப் பற்றி இன்னொரு பத்து நிமிடம். விஜயகாந்த் போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. மகாராஜாவுக்கு மட்டும் சண்டை வந்தது. முதல் பாதி சுற்றிச் சுற்றி வருகிறது, காணாமல்போன ஒரு குப்பைத்தொட்டிக்கு எதற்கு இவ்வளவு என்று வயதான ரெப் ஒருவர் சொன்னார். அந்தச் சுற்றல் இல்லாவிட்டால் கடைசிப் பத்து நிமிடம் ஏது என்று நாங்கள் பிடித்துக்கொண்டோம். டாக்டர் மணி அடித்து உள்ளே கூப்பிட்டுவிட்டார், பாதியில் நின்றுவிட்டது.

தியேட்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு நாம் மூன்றே கால் மணி நேரம் உள்ளே இருக்கிறோம். விளம்பரம், ட்ரெய்லர், நகைக்கடை, இடைவேளையில் மறுபடி நகைக்கடை. பெங்களூரில் ஒரு பார்வையாளர் 25 நிமிடம் விளம்பரம் போட்டு நேரத்தை வீணடித்தார்கள் என்று நுகர்வோர் ஆணையத்துக்கே போனார். 2025 பிப்ரவரியில் அவருக்குச் சாதகமாக உத்தரவும் வந்தது, பிறகு உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ராத்திரிக் காட்சி என்றால் இரண்டாம் பாதி நடக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், வயிற்றில் சமோசா, காலையில் எழ வேண்டும், பார்க்கிங்கில் நமக்கு முன்னால் நூறு வண்டி. செகண்ட் ஹாஃப் லேக் ஆகாமல் என்ன செய்யும்? செகண்ட் ஹாஃபில் லேக் ஆவது பெரும்பாலும் நாம்தான்.

ஆனால் இது தியேட்டர் கோளாறு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அடலசன்ஸ் என்கிற ஆங்கிலத் தொடர் வந்தது, 2025 மார்ச்சில், நெட்ஃபிளிக்ஸில். நாலே நாலு பாகம். ஒவ்வொரு பாகமும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். பதிமூன்று வயதுப் பையன் மேல் கொலைப்பழி. எங்கள் வீட்டில் பதிமூன்று வயதில் மகள் இருப்பதால் முதலில் நானும் மனைவியும் மட்டும் பார்த்துவிடுவோம் என்று முடிவு. மூன்றாவது பாகம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. மனநல நிபுணர் ஒரு பெண், எதிரே அந்தப் பையன், ஒரு ஹாட் சாக்லேட், பாதி சாண்ட்விச். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான். மனைவி இடையில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் "எப்ப கத்துவான்னு தெரியல, அதான் அசைய முடியல" என்றாள்.

இரண்டு பேர் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பேசினால் லேக், இரண்டு பேர் ஒரு அறையில் ஒரு மணி நேரம் பேசினால் அசைய முடியவில்லை. நான் இதை ரொம்ப நாள் யோசித்தேன், பைக்கில் புதுக்கோட்டை போகும்போதெல்லாம். பயம் இருந்தால் நாம் காத்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. அந்தப் பையன் எப்போது வெடிப்பான் என்கிற பயம் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. அன்பைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் "சரி, புரிஞ்சுது, அடுத்து?" என்கிறோம். கார்த்தி நல்லவன் என்று தெரிந்த பிறகும் அவன் நல்லவனாகவே இருக்கிறான், கத்தி எடுக்கவில்லை, பழிவாங்க வரவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, இடைவேளைக்கு அப்புறம் அரைமணி நேரம், இவன் ஏதோ திட்டத்தோடுதான் இவ்வளவு பாசம் காட்டுகிறான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வந்ததுதான் அந்த லேக். சொந்தக்காரர் ஒருவர் ரொம்பப் பாசமாகப் பேசினால் "எவ்வளவு கேட்கப்போறாரோ" என்று நினைக்கிறோம் இல்லையா, அதே புத்தி.

மகள் அடலசன்ஸைப் பிறகு எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். நாங்கள்தான் பதறிக்கொண்டிருந்தோம். அவள் கடைசிப் பாகத்தில், அந்த அப்பா வேனில் யாரோ எழுதிவிட்டுப் போனதை அழிக்கப் பெயின்ட் வாங்கக் கடைக்குப் போகிற இடத்தில், "இவங்க யாருமே அந்த செத்துப்போன பொண்ணு வீட்டுக்குப் போகவே இல்லையேப்பா" என்றாள். எனக்கும் மனைவிக்கும் அது தோன்றவே இல்லை. அன்று அவள் போனைப் பிடுங்கி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், வைக்கவில்லை.

இந்த மைக் விவகாரம் கோர்ட் வரை போனதும் தெரிந்திருக்கும். கங்குவா வந்த கையோடு, 2024 நவம்பரில், இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்றையும் சொல்லி, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு அறிக்கை விட்டது. படம் வந்து முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லி நீதிமன்றம் உடனடித் தடை கொடுக்கவில்லை. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். காசு கொடுத்தவன் வாயை மூன்று நாள் கட்டிவைக்க யாராலும் முடியாது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எங்களை எந்த கோர்ட் தடுக்கும்? ஆனால் வாசலில் நிற்கிற அந்த ஏழு நொடி மைக் மேல் எனக்கும் கோபம் உண்டு. படம் முடிந்து, கண்ணுக்கு வெளிச்சம் பழகுவதற்குள், உள்ளே நடந்தது என்ன என்று நமக்கே தெரிவதற்குள் கேட்கிறார்கள். நாமும் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக மைக்கைப் பார்த்தது 2025 மே 1 அன்று. மே தினம், ரெப்களுக்கும் லீவு. டூரிஸ்ட் ஃபேமிலிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம், அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் யாருக்கும் தெரியாமல் வாழப்பார்க்கிற ஒரு குடும்பத்தின் கதை. சிரிக்கச் சிரிக்கப் போனது, நீளமும் இல்லை. சில இடங்களில் எல்லாரும் ரொம்பச் சுலபமாக நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று பட்டது, உடனே மெய்யழகன் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். வாசலில் பையன் மைக்கோடு நின்றான். நான் ஒதுங்கிக்கொண்டேன். மைக் அப்பாவிடம் போனது. "ஐயா, படம் எப்படிங்கய்யா?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். 1984இல் அவருக்கு ராமநாதபுரம் பக்கம் போஸ்டிங். மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமில் வேலைக்குப் போனதைச் சொல்ல ஆரம்பித்தார். கம்பத்தில் ஏறியிருந்தவரைப் பார்த்து, கீழே நின்ற ஒரு பெரியவர் "தம்பி, கரண்ட் வந்தா இலங்கை ஸ்டேஷன் இஞ்ச எடுக்குமோ?" என்று கேட்டாராம். எடுக்கும் என்று இவர் மேலிருந்து சொன்னாராம். அந்த ரேடியோவை எப்படிக் கட்டிக்கொண்டு படகில் வந்திருந்தார்கள், என்ன துணியில் சுற்றியிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கே அன்றுதான் தெரியும். நாற்பது வருடமாக வீட்டில் சொல்லாததை ஒரு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் பேசியிருப்பார். பையன் நல்ல பையன், இடையில் நிறுத்தவில்லை, தலையாட்டிக்கொண்டே இருந்தான். அம்மா ஆட்டோ பிடித்துவிட்டு "வாங்க, போகலாம்" என்று கூப்பிட்டாள். அப்பா இரண்டடி நடந்து, ஏதோ மரியாதைக்குத் திரும்பி, "நல்ல படம் தம்பி, குடும்பத்தோட பாக்கலாம்" என்றார்.

இரவு மகள் அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். ஆறாவது ஆளாக வந்தார், மூன்று நொடி. "குடும்பத்தோட பாக்கலாம்." அடுத்து ஒரு பெண் "செம்ம" என்றாள்.

அப்பா போனைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி ஓட்டினார்.

"மிச்சம் எப்பம்மா வரும்?" என்று மகளைக் கேட்டார்.